ஓவுக்கும் ஓவுக்கும் பிறந்த பி

ஓ குரூப் தாய்க்கும் ஓ குரூப் தகப்பனுக்கும் பி குரூப் பிள்ளை பிறக்கவே பிறக்காது என்று உங்கள் வீட்டில் யாராவது அடித்துச் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள், இதை வாசிக்கக் கொடுங்கள். என் வீட்டில் அப்படிச் சொன்னவர் என் கொழுந்தன். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவர், கெட்ட மனிதரும் இல்லை. ஓ-காரரிடம் பிள்ளைக்குக் கொடுக்க ஏ-யும் இல்லை பி-யும் இல்லை என்கிற பாடப்புத்தகக் கணக்குப்படி அவர் சொன்னது சரிதான். அந்தச் சரியான கணக்கு என் கல்யாண வாழ்க்கையைக் கிட்டத்தட்ட முடித்து வைத்தது. அதற்கு நான் கொடுத்த விலை ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். என் கம்மலும் ஏலத்தில் போனது. போன காலத்துக்குக் கணக்கு எழுத மனசில்லை.

நான் இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற புள்ளக்காம்பராவில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரருக்குக் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் வேலை. மாதத்தில் ஒரு தடவை வருவார், பொங்கல் தீபாவளிக்குக் கூட ரெண்டு நாள் நிற்பார். புருஷன் கொழும்பில் இருக்கிற பெண் மேல் ஒரு சொல் விழுந்தால் அது எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்ளும் என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கர்ப்பமாக இருந்தபோது என் ரத்தத்தைப் பார்த்து ஓ பொசிட்டிவ் என்று கிளினிக் அட்டையில் எழுதியிருந்தார்கள். அவரும் ஓ பொசிட்டிவ், கோயில் திருவிழாவில் நடந்த முகாமில் ரத்தம் கொடுத்த அட்டை வைத்திருந்தார். ரெண்டு பேருக்கும் ஒரே குரூப், நல்ல பொருத்தம் என்று மாமியாரே சந்தோஷப்பட்டவர்தான்.

மகள் பிறந்த கையோடு அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. நீல வெளிச்சத்தில் வைத்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பி பொசிட்டிவ். ஓ குரூப் தாய்க்கு வேறு குரூப் பிள்ளை பிறந்தால் காமாலை வருவது உண்டு, பயப்படாதீங்க என்று வோர்டில் சொன்னார்கள். தகப்பன் என்ன குரூப் என்று யாரும் கேட்கவில்லை, நானும் அதைப் பற்றி நினைக்கவில்லை. காமாலை இறங்கியது, வீட்டுக்கு வந்தோம். பிறந்து முப்பத்தொன்றாம் நாள் சடங்கு கழித்த அன்று பிள்ளையின் அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்த கொழுந்தன், "அண்ணி, இதுல பி-ன்னு எழுதியிருக்காங்க, பிழையா எழுதிட்டாங்க போல" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பிழை இல்லை, ஆஸ்பத்திரியில் பார்த்தது என்றேன். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். அன்று ராத்திரிக்குள் செய்தி மாமியாருக்குப் போய், மறுநாள் காலை போனில் கொழும்புக்கும் போய்விட்டது.

முதலில் வந்த பேச்சு பிள்ளை மாறிப்போனது என்பது. அதை நானே ஒரு வாரம் நம்பினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பால் குடிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, நீ யாருடைய பிள்ளை என்று கேட்கும் நிலைக்கு வந்தேன். ஆனால் அன்று அந்த வோர்டில் பிறந்த மற்றவை எல்லாம் ஆண்பிள்ளைகள் என்று என் அம்மா எடுத்துச் சொன்னதும் அந்தப் பேச்சு அடங்கி, அடுத்த பேச்சு தொடங்கியது. "எங்க பரம்பரையிலயே இப்படி ஒரு நெறம் இல்லியே" என்றார் மாமியார். மூக்கைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "சாப்பிட்டியா, பிள்ள தூங்குதா" என்ற ரெண்டு கேள்வியோடு போனை வைத்துவிடுவார். ஒரு நாள் நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு அம்மாவின் லயக்காம்பராவுக்குப் போய்விட்டேன். யாரும் கூப்பிட வரவில்லை.

நிறத்தைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். தோல் நிறமும் உயரமும் ஒரே ஒரு மரபணு கொண்டுவந்து கொடுக்கிறவை அல்ல. பல மரபணுக்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் குறைத்தும் தீர்மானிக்கிறவை. கறுத்த தாய் தகப்பனுக்கு வெளுத்த பிள்ளை பிறப்பதும், ஒரே வயிற்றில் பிறந்த ரெண்டு பேர் ரெண்டு நிறத்தில் இருப்பதும் சாதாரணம். மூக்கை வைத்துத் தகப்பனைத் தேடுகிறவர்களோடு பேசி உங்கள் சக்தியை வீணாக்காதீர்கள்.

ஆனால் ரத்த குரூப் அப்படி இல்லை, அதற்கு ஆதாரம் காட்டச் சொல்வார்கள். அதனால் நான் டவுனில் ஒரு லெபில் என் ரத்தத்தைத் திரும்பப் பார்த்தேன். ஓ. இன்னொரு டவுனுக்கு பஸ் ஏறிப் போய் அங்கேயும் பார்த்தேன். அங்கேயும் ஓ. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் என் குற்றத்துக்கு வைத்த முத்திரை மாதிரி ஆகிவிட்டது. இங்கேதான் உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இருக்கிறது. அந்த லெப்கள் செய்தது எல்லாம் ஒரே பரிசோதனை. ஒரு தட்டில் என் ரத்தத்தை ரெண்டு துளி வைத்து, ஒன்றில் ஏ-க்கான மருந்தும் மற்றதில் பி-க்கான மருந்தும் விடுவார்கள். ரெண்டும் திரியாவிட்டால் ஓ என்று எழுதிவிடுவார்கள். இதற்கு செல் குரூப்பிங் என்று பெயர். இதையே பத்து இடத்தில் செய்தாலும் பத்துத் தடவையும் அதே விடைதான் வரும். மறுபக்கம் ஒன்று இருக்கிறது, சீரம் குரூப்பிங். உங்கள் ரத்தத்தின் நீரை எடுத்து, குரூப் தெரிந்த ஏ, பி, ஓ செல்களோடு தனித்தனியாகக் கலந்து பார்ப்பது. பிள்ளையின் குரூப் கணக்கில் இடிக்கிறது என்றால் இதைக் கேளுங்கள். "சீரம் குரூப்பிங் பார்த்தீங்களா, ஓ செல்லோடயும் போட்டுப் பார்த்தீங்களா" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். சின்ன லெபில் வசதி இல்லை என்றால் அரசாங்க ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்கு அனுப்பச் சொல்லி டொக்டரிடம் கடிதம் வாங்குங்கள். எனக்கு இதைச் சொல்ல யாரும் இருக்கவில்லை. நான் நேரே டிஎன்ஏ-வுக்குப் போனேன்.

அதற்குத்தான் கம்மலை அடகு வைத்தேன். வீட்டுக்காரரிடம் காசு கேட்க ரோசம் விடவில்லை. கொழும்பில் ஒரு தனியார் ஆய்வகத்தில் மூன்று பேருடைய கன்னத்தின் உள்பக்கத்தையும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தார்கள். தகப்பனும் பிள்ளையும் போதும் என்று சிலர் செலவைக் குறைக்கச் சொல்வார்கள். தாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை மாறிப்போனது என்ற பேச்சையும் அதே தாளில் அடைத்துவிடலாம். யார் யாருடைய மாதிரி என்று அடையாள அட்டை பார்த்து, கையெழுத்து வாங்கி, அவர்களே எடுக்கிற இடத்துக்குப் போங்கள். வீட்டில் எடுத்துத் தபாலில் அனுப்புகிறதை நாளைக்கு வேறு ஒருவருடைய எச்சில் என்று சொல்லிவிடலாம். இன்னொன்று, இந்தப் பரிசோதனை ரத்த குரூப்பைப் பார்ப்பதே இல்லை. டிஎன்ஏ-யில் ஆளுக்கு ஆள் நீளம் மாறுகிற பல இடங்களை எடுத்து, பிள்ளையிடம் இருப்பதில் பாதி தாயிடமும் மீதி தகப்பனிடமும் இருக்கிறதா என்று ஒப்பிடுகிறது. அதனால் குரூப் என்ன கூத்து ஆடினாலும் இது தடம் மாறாது.

ரிப்போர்ட் வந்தது. தகப்பன் அவர்தான், தாய் நான்தான். அவர் அன்று ராத்திரி பஸ்ஸிலேயே வந்து, விடியற்காலை லயத்து வாசலில் நின்றார். "என்னை மன்னிச்சிரு புள்ள" என்றார். நான் கதவைத் திறந்தேன், பேசவில்லை. காகிதம் வந்தவுடன் கோபம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை, கூடியது. அது இறங்கப் பல மாதம் எடுத்தது. மாமியாரோ கொழும்பில் காசு கொடுத்தால் என்ன தாளும் வாங்கலாம் என்று பக்கத்துக் காம்பராவில் சொன்னதாகக் காதில் விழுந்தது. கொழுந்தனுக்கு மட்டும் ஒரு குழப்பம். தகப்பன் சரி, தாய் சரி, அப்புறம் பி எங்கிருந்து வந்தது? நியாயமான கேள்வி. யாரிடம் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டோம். விட்டிருக்கக்கூடாத கேள்வி அது.

மகளுக்கு நடை வந்து ஓடத் தொடங்கிய காலத்தில் எனக்கு மாதப்போக்கு அளவுக்கு மீறிப் போனது. கர்ப்பப்பையில் கட்டி, ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். முந்தின வாரம் ரத்தம் தயார் பண்ண என்னிடம் மாதிரி எடுத்தார்கள். ஓ பொசிட்டிவ்தானே, ரத்தத்துக்கா பஞ்சம் என்று நான் கவலையே படவில்லை. அடுத்த நாள் ரத்த வங்கியில் இருந்து ஆள் வந்து திரும்பவும் மாதிரி எடுத்தார்கள். அதற்கடுத்த நாள் ஒரு இளம் டொக்டர் கட்டிலுக்கே வந்து உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "அக்கா, உங்களுக்கு முந்தி எப்பவாவது ரத்தம் ஏத்தினவையோ?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் விட்ட மூச்சு இன்னும் நினைவிருக்கிறது. இருந்த ஓ பை ஒன்றுகூட எனக்குப் பொருந்தவில்லையாம். எந்த ஓ செல்லோடு கலந்தாலும் என் ரத்த நீர் அதைத் திரிய வைத்ததாம். கொழும்பு நாரஹேன்பிட்டவில் உள்ள தேசிய ரத்த நிலையத்துக்கு மாதிரி போய், விடை வந்தது. நான் ஓ இல்லை. என்னுடையது பம்பாய் குரூப்.

டொக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரிச் சொல்கிறேன். ஏ, பி என்பவை சிவப்பணுவின் மேல் தொங்குகிற சர்க்கரைகள். அவை நேராக அணுவில் ஒட்டுவதில்லை. எச் என்ற ஒரு அடிப்பொருள் முதலில் இருக்க வேண்டும், அதன் நுனியில்தான் ஏ-யோ பி-யோ ஏறும். சுவரில் ஆணியும் படமும் மாதிரி. ஓ குரூப்காரர் சுவரில் ஆணி இருக்கிறது, படம் இல்லை. என் சுவரில் ஆணியே இல்லை. கையில் பி படம் இருந்தும் மாட்ட இடம் இல்லாததால், தட்டில் பார்த்தவர்களுக்கு வெறும் சுவர் தெரிந்தது, ஓ என்று எழுதிவிட்டார்கள். படத்தைத் தருகிற மரபணு 9-ஆவது நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது, ஆணியைத் தருகிறது 19-ஆவதில். ரெண்டும் வேறு வேறு இடம், பிள்ளைக்குத் தனித்தனியாகப் போகிறவை. என் மகளுக்கு நான் பி படத்தைக் கொடுத்தேன், வீட்டுக்காரர் ஆணியைக் கொடுத்தார். அவள் சுவரில் படம் ஏறிவிட்டது. ஒரு மரபணு இன்னொன்றின் வேலையை மூடி மறைக்கிற இந்த விளையாட்டைக் கொழுந்தனின் பாடப்புத்தகக் கணக்கு சேர்த்துக்கொள்ளவில்லை. அது ஏபிஓ மரபணுவை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. என் அம்மா பி பொசிட்டிவ் என்பதையும் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

இது மனுஷருக்கு மட்டும் நடக்கிறது இல்லை. துரை பங்களாவில் லெப்ரடோர் வளர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரெண்டு கறுப்பு நாய்க்கு மஞ்சள் குட்டி பிறக்கும். கறுப்பா பழுப்பா என்பது ஒரு மரபணுவின் வேலை, அந்த நிறத்தை ரோமத்தில் இறக்கலாமா என்பது இன்னொன்றின் வேலை. அந்த ரெண்டாவது வேலை செய்யாவிட்டால் கறுப்பும் தெரியாது பழுப்பும் தெரியாது, மஞ்சள்தான். அந்தக் குட்டியைப் பார்த்து யாரும் தாய் நாயிடம் விளக்கம் கேட்பதில்லை.

இந்த குரூப்பை 1952-இல் பம்பாயில் டொக்டர் பெண்டேயும் அவரோடு வேலை செய்தவர்களும் முதலில் கண்டுபிடித்து எழுதினார்கள். இந்தியாவில் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு என்ற அளவில் சொல்கிறார்கள், ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவர். சொந்தத்துக்குள் கட்டுகிற குடும்பங்களில் கூடுதலாக வெளிப்படும், ஏனென்றால் பழுதான எச் மரபணு தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ரெண்டும் வந்து சேர்ந்தால்தான் இது நடக்கும். என் அம்மா அப்பாவுக்கு மாமன் மகள். ரெண்டு பேருக்கும் பொதுவான ஒரு தாத்தாவோ பாட்டியோ சத்தமில்லாமல் கொண்டுவந்த சாமான் அது. நான் இதைச் சொல்வது மாமன் மகளைக் கட்டாதே என்பதற்காக இல்லை. அந்தத் தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒருதரம் பார்த்துக்கொள்ளட்டும் என்பதற்காக. சொல்ல மறந்தேன், எச் இருக்கிறதா என்று பார்க்க லெபில் விடுகிற மருந்துத் துளியை ஒரு செடியின் விதையிலிருந்து எடுக்கிறார்களாம். ஹோர்டன் சமவெளியில் வெள்ளைக்காரன் காலத்தில் வந்து பரவி, இப்போது பிடுங்கிப் பிடுங்கி எறிகிறார்களே, மஞ்சள் பூப் பூக்கிற முள்ளுச்செடி, அதே செடிதான். டொக்டர் போனில் படம் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. பம்பாய் குரூப் ஆளுடைய சிவப்பணுவை யாருக்கும் கொடுக்கலாம், ஆர்எச் (அந்த பொசிட்டிவ், நெகட்டிவ்) பொருந்தினால் போதும். ஆனால் எங்களுக்கு இன்னொரு பம்பாய் குரூப் ஆளுடைய ரத்தம் மட்டும்தான் ஏற்றலாம். சாதாரண ஓ ஏற்றினால் உடம்பே அந்த அணுக்களை உடைக்கும், உயிர் போகலாம். ஆஸ்பத்திரியில் ஆற அமரக் கலந்து பார்த்தால் பிடிபட்டுவிடும். அவசரத்தில், பார்க்க நேரமில்லாமல் ஓ பையை மாட்டும்போதுதான் ஆபத்து. என் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போயிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. கணக்கு இடிக்கிறது என்ற அந்தக் கேள்வி மானப் பிரச்சினையாகப் போகாமல் வைத்தியப் பிரச்சினையாகப் போயிருந்தால், எனக்கு இது அன்றே தெரிந்திருக்கும்.

ஒப்பரேஷனைத் தள்ளிவைத்தார்கள். இரும்பு மாத்திரை, போக்கைக் குறைக்க மாத்திரை என்று என் ஹீமோகுளோபினை ஏற்றினார்கள். கூடப் பிறந்தவர்களைக் கூட்டிவரச் சொன்னார்கள், ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது, வெளியில் தேடுவதைவிட வீட்டில் தேடுவது லேசு என்று. தம்பி வந்தான், அவன் பி. தங்கச்சிக்கு ஓ என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அவள் என்னைப் போலவே பம்பாய். கட்டிப்பிடித்து அழுதோம். அழுது முடித்ததும் அவள் ரத்தத்தைப் பார்த்தார்கள். கொடுக்க ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருக்க வேண்டும், அவளுக்கு இல்லை. கொழுந்து பறிக்கிற எத்தனை பேருக்கு அது இருக்கும்? அவளும் மாத்திரை, முருங்கைக்கீரை, நெத்தலி என்று ஆரம்பித்தாள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள் என்று அங்கேதான் சொல்லிக்கொடுத்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் இதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எழுதினால் தனிக் கதை ஆகும். ஹீமோகுளோபின் ஏறி வந்ததும் அவள் ஒரு பை கொடுத்தாள். ரத்தம் அதிகம் போகாமல் பக்குவமாக ஒப்பரேஷன் செய்தார்கள், அந்தப் பை தேவைப்படவில்லை. ஒரு தடவை கொடுத்தால் நாலு மாதம் கழித்துத்தான் அவள் திரும்பக் கொடுக்கலாம் என்பதால், இனி எதையும் திட்டம் போட்டுத்தான் செய்ய வேண்டும்.

மகளுக்கு இந்த ஆபத்து இல்லை. ஆணி ஒன்று தகப்பனிடமிருந்து வந்திருப்பதால் அவள் சாதாரண பி, பி-யோ ஓ-வோ ஏற்றலாம். என் பழுதான மரபணு ஒன்று அவளிடம் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அதையும் அவள் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன், சொந்தத்தில் பேச்சு வந்தால் மாப்பிள்ளைப் பக்கமும் பார்க்கட்டும். என் அடையாள அட்டையோடு ஒரு கடிதம் மூன்று மொழியிலும் பிளாஸ்டிக் போட்டு வைத்திருக்கிறேன், ஓ ரத்தம் ஏற்றக்கூடாது என்று முதல் வரியிலேயே. தமிழில் மட்டும் எழுதி வைத்தால் நடு ராத்திரியில் யார் வாசிப்பது? ரத்த வங்கியில் என் பெயரையும் தங்கச்சி பெயரையும் பதிந்துவிட்டோம், போன் நம்பர் மாறினால் சொல்லிவிட வேண்டும். மாமியார் இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க மருமகளுக்கு லேசுப்பட்ட ரத்தம் இல்ல, பம்பாய் ரத்தம்" என்கிறார். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.

பெரிய அண்ணனை மட்டும் இன்னும் பரிசோதனைக்குக் கூட்டிப்போக முடியவில்லை. எனக்கு ஒன்றுமில்லை, ஊசி என்றால் பயம் என்று தட்டிக் கழிக்கிறார். ஃபெக்டரியிலிருந்து கொழும்புக்குத் தேயிலை லொறி ஓட்டுகிறார், கினிகத்தேனை வளைவெல்லாம் ராத்திரியில் இறங்குவார். அவர் லைசன்ஸில் ஓ பொசிட்டிவ் என்று போட்டிருக்கிறது.